ஆறுமணி, ஒன்று, புதர் அடியில்

"தப்பு கண்டுபிடிக்கிறதையே பொழைப்பா வெச்சிருக்கீங்களே, சரியா இருக்கிற வரியை எப்பத்தான் படிப்பீங்க?" என்று அச்சக முதலாளி ஒருமுறை அவளிடம் கேட்டார்.

"அதைத்தான் சார் முதல்ல படிப்பேன்" என்றாள் மெய்ப்புத் திருத்துகிறவள். "சரியானது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே தப்பு பல்லைக் காட்டும்?"

அந்த அச்சகத்தின் பின்னறைக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, சலவைக் கடையில் வேலை செய்யும் பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அக்கா, என் வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்லிட்டாங்க."

மெய்ப்புக்காரி சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். எதிரே புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த அவளுடைய நாத்தனார் தூரிகையோடு எழுந்துவிட்டாள்.

"யாரு சொன்னது? எதைத் திருடினாராம்? எப்போ?"

"முதல்ல பசையை மூடு" என்றாள் மெய்ப்புக்காரி. "நீ உக்காந்து சொல்லும்மா."

விஷயம் இதுதான். அவள் கணவர் நகரப் பூங்காவின் பிற்பகல் காவலாளி. இரண்டு மணிக்கு வந்து ஏழு மணிக்கு வாயிலைப் பூட்டுவார். ஞாயிறு காலைகளில் பறவை பார்க்கிறவர்கள் அங்கே கூடுவார்கள். குளிர்காலம் முழுக்கத் தங்கிய பறவைகள் வடக்கே திரும்பும் நாட்கள் இவை. ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு புது விருந்தாளி வந்து இறங்கிப் போகும். அவர்களுடைய பெரிய தொலைநோக்கி பூங்காவின் சிறு கொட்டகையில், பெட்டிக்குள் இருக்கும். திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்தால், காலி.

"இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள பொருள் வரலைன்னா யூனிஃபார்மைக் கழட்டி வெச்சிட்டுப் போகணுமாம். பூங்கா மேலாளர்கிட்ட எழுத்துல சாட்சி இருக்காம், யாருக்கும் காட்ட மாட்டாராம். எங்க வீட்டுக்காரரு அதிர்ந்து பேசக்கூடத் தெரியாத ஆளுக்கா. திருட்டுப் பட்டத்தோட போனா வேற எவன் வேலை குடுப்பான்?"

"ரகசிய சாட்சி!" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். "அண்ணி, இது பெரிய இடத்துச் சமாச்சாரம்."

"ஞாயித்துக்கிழமை காலையில யார் யார் வந்தாங்க?"

"மூணு பேருதான். கணக்கு டீச்சர், ரிட்டயரான தபால்காரர் ஐயா, பல் டாக்டர். மூணு பேரும் தங்கமானவங்க. டாக்டர் சட்டை எங்க கடைக்குத்தான் வரும். நேத்து வந்த சட்டையில முழங்கை ரெண்டுலயும் சேறு, நெஞ்சு பூரா புல்லுக் கறை. பாவம், எங்கயோ விழுந்திருக்காரு போல."

"பல்லு விழுறதைப் பாக்கிறவரே விழுந்துட்டாரா?" என்றாள் நாத்தனார்.

மெய்ப்புக்காரி சிரிக்கவில்லை. "அந்த மூணு பேருக்கும் போன் போடு. ஒண்ணரைக்குப் பூங்கா ஆபீஸுக்கு வரச் சொல்லு" என்று செருப்பை மாட்டினாள்.

பூங்கா அலுவலகம் ஒரே ஒரு அறை. சுவரில் சாவிப் பலகை. மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒரு கடிதம். மூலையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி காவலாளி நின்றிருந்தார்.

மேலாளர் மெய்ப்புக்காரியைக் கண்டதும் எழுந்தார். 'பூக்களைப் பறிக்காதீர்' என்ற அறிவிப்பு 'பூக்களைப் பறிப்பீர்' என்று ஐந்நூறு பிரதி அச்சாகப் போனதைத் தடுத்தவள் அவள். அந்த மரியாதை அவருக்கு இன்னும் இருந்தது. ஆனாலும் இழுப்பறையைத் திறக்கத் தயங்கினார்.

"பாத்தவர் பேரை எழுதலைம்மா. அவருக்கு ஆபத்து வரக்கூடாது பாருங்க."

"நான் ஆளைப் பாக்க வரலை சார், எழுத்தைத்தான் பாக்க வந்தேன்."

வெளியே வந்தது பறவை பார்க்கிறவர்களின் நோட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் நான்கே வரிகள்.

ஈப்பிடிப்பான் – 3, மூங்கில் ஓரம்.
கதிர்க்குருவி – 5, குளக்கரை.
மாங்குயில் – 2, தூங்குமூஞ்சி மரம்.
ஆறுமணி – 1, புதர் அடியில். தொலைநோக்கியில் பளிச்சென்று.

"கடைசி வரி!" மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "ஆறு மணிக்கு, ஒரு ஆள், புதருக்கு அடியில, தொலைநோக்கியோட! சாயங்காலம் ஆறு மணிக்கு இங்க யாரு இருப்பா? இவர்தான். மூணு பேரையும் தனித்தனியா கேட்டேன், ஆறு மணிக்கு இங்க இருந்தீங்களான்னு. மூணு பேரும் இல்லைன்னுட்டாங்க. பயந்துட்டாங்க."

மெய்ப்புக்காரி முதல் மூன்று வரிகளைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அதற்குள் கணக்கு டீச்சர், தபால்காரர், வெள்ளைக் கோட்டோடு பல் டாக்டர் என்று மூவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"டீச்சர், இந்த நோட்டுல பாத்த நேரத்தை எழுதுவீங்களா?"

"மாட்டோம். எப்பவும் காலையிலதானே வர்றோம். தேதி போட்டு, பேரு, எண்ணிக்கை, இடம். அவ்வளவுதான்."

"அதான் சார்" என்று அவள் மேலாளரிடம் திரும்பினாள். "மூணு வரி ஒரே வார்ப்பு. பேரு, எண்ணிக்கை, இடம். நாலாவது வரியில எண்ணிக்கை இருக்கு, இடம் இருக்கு. பறவையை மட்டும் காணோம். அதுக்குப் பதிலா, இந்த நோட்டுல யாருமே எழுதாத நேரம் வந்து உக்காந்திருக்கு. அதுவும் பாருங்க, ஆறு, மணி ரெண்டுக்கும் நடுவுல இடைவெளியே இல்லை. நேரமா இருந்தா பிரிச்சுத்தான் எழுதியிருப்பாங்க." பிறகு பெஞ்சைப் பார்த்தாள். "எனக்குப் பறவை தெரியாது. ஆறுமணின்னு ஏதாவது பறவை இருக்கா?"

தபால்காரர் துள்ளி எழுந்தார். "ஆறுமணிக்குருவியா? ஐயையோ! விடியற்காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் சொல்லி வெச்ச மாதிரி கூவும், அதான் அந்தப் பேரு. வருஷத்துக்கு ஒருதரம் இப்படி இறங்கும். ஒம்பது நிறம்! யாருய்யா பாத்தது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

மேலாளர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கண்ணுக்கு வெகு அருகே வைத்துப் பார்த்தார்.

"அப்போ புதர் அடியில இருந்த ஆளு..." என்றாள் நாத்தனார், "குருவியா?"

"அது மரத்துல உக்காருமா, ஐயா?" என்று கேட்டாள் மெய்ப்புக்காரி.

"பகல்ல தரையிலதான் திரியும். சருகைக் கிளறி புழு தேடும்."

"அப்ப, உசரமான ஸ்டாண்டுல தொலைநோக்கியை வெச்சா தெரியாது. கழட்டி எடுத்துட்டுப் போய், தரையில குப்புறப் படுத்துத்தான் பாக்கணும். முழங்கையில சேறு ஒட்டும். நெஞ்சுல புல்லுக் கறை பிடிக்கும்."

சலவைக்காரப் பெண் "அடடே!" என்று வாயைப் பொத்தினாள். பல் டாக்டரின் முகம் அவருடைய நோயாளிகளின் முகம் போல ஆகிவிட்டது.

"நான்தான்" என்றார். "இவங்க ரெண்டு பேரும் குளத்துப் பக்கம் போயிருந்தாங்க. பாத்துட்டு, படுத்துக்கிட்டே எழுதினேன். அப்போ கிளினிக்லேர்ந்து போன், ஒரு பேஷண்டுக்குக் கன்னம் வீங்கிடுச்சுன்னு. தொலைநோக்கியை அங்கயே வெச்சிட்டு, போற வழியில நோட்டைக் கொட்டகை ஆணியில மாட்டிட்டு ஓடினேன். மத்தியானம் வந்து பாத்தா காணோம். சார் ஆறு மணிக்கு இருந்தீங்களான்னுதான் கேட்டாரு. இல்லைன்னேன். அது உண்மைதானே?"

"உண்மைதான் டாக்டர். கேக்காததையும் சேத்துச் சொல்லியிருந்தா ஒருத்தர் ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம நின்னிருக்க மாட்டாரு."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வேற, காலிப் பெட்டியை வெச்சுப் பூட்டிட்டுப் போனேன்" என்றார் டீச்சர். "திறந்து பாக்கவே இல்லை."

"சரி, பொருள் எங்கே?" என்றார் மேலாளர்.

"ஞாயித்துக்கிழமை பெருக்கின சருகெல்லாம் எங்க சார் போகும்?"

மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "வெளிய போகாது! அந்தந்தப் புதருக்கு அடியிலயே குவிச்சு உரமாக்குறோம். அது என்னோட சொந்தத் திட்ட..." பாதியிலேயே அவர் குரல் கம்மியது.

எந்தப் புதர் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நாத்தனார் அதற்குள் வெளியே ஓடியிருந்தாள். பத்து நிமிடத்தில், தலையெல்லாம் சருகாக, பச்சை உறை போட்ட தொலைநோக்கியைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு திரும்பினாள். "முழங்கால் உசரக் குவியல் அண்ணி! ரெண்டு கையாலயும் தோண்டினேன்!" தபால்காரர் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. சலவைக்காரப் பெண் மட்டும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மேலாளர் மேசைமேல் இருந்த கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, காவலாளியின் முன் வந்து நின்றார்.

"நிர்வாகத்தின் சார்பில், நடந்த இந்த... அதாவது, ஒரு வார்த்தையைச் சரியாகப் புரிந்துகொள்ளாத காரணத்தால் ஏற்பட்ட..." அவருக்கு மேலே வரவில்லை. "மன்னிச்சிடுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. என்ன, வெச்சுக்க மாட்டீங்கல்ல?"

எல்லோரும் காவலாளியைப் பார்த்தார்கள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. தொப்பியைத் தலையில் வைத்து நேராக்கினார். பலகையிலிருந்து வாயிற்கதவுச் சாவியை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.