எட்டு பிட் வீடு

மாலை ஐந்தே முக்காலுக்கு ஹால் சுவரில் இருந்த சின்னத் திரை மூன்று என்று காட்டியது. வீட்டில் இருந்ததோ இரண்டே பேர். மாதேஸுக்குப் பயம் வரவில்லை, வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்தக் கணக்கைப் போடுவது அவன் மனைவி யுவராணி எழுதிய நிரல்.

இருவரும் ஒரே கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் வீட்டிலிருந்தே வேலை. ஓர் எண்ணை ஒன்று, பூஜ்யம் என்ற பிட்டுகளாக எழுதினால் அதில் எத்தனை ஒன்றுகள் வருகின்றன என்று எண்ணித் தரும் சின்ன ஃபங்ஷனை இருவருமே எழுதி அனுப்பினார்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தள லைப்ரரியில் அவளுடையது ஏறியது, அவனுடையது திரும்பி வந்தது. சொந்தபந்தமெல்லாம் அவளைப் பாராட்டியபோது பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினான். கட்டிய மனைவி மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டில் எட்டு அறைகள். அறைக்கு ஒரு சென்சார். ஆள் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். எட்டும் சேர்ந்து ஒரு பைட். எத்தனை அறைகளில் ஆள் இருக்கிறது என்று எண்ணிச் சுவரில் போடுவது அவளுடைய ஃபங்ஷன். விளக்கும் ஃபேனும்கூட அந்த பைட்டைப் பார்த்துத்தான் வேலை செய்யும்.

"ராணி, ரெண்டு பேர் இருக்கிற வூட்டுல மூணுன்னு காட்டுது பாரு நீ எழுதின கோடு."

சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது. "என் கோடு தப்பா எண்ணாதுங்க. எந்த ரூம்ல ஒன்னு நிக்குதுன்னு பாருங்க."

அந்த நிதானம்தான் அவனுக்கு ஆகாது. தன் அறைக்குப் போய், பூஜ்யம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை எல்லா எண்களையும் அவள் ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பார்த்தான். ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை. சென்சார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். சமையலறை ஒன்று, அவன் அறை ஒன்று, கோடியில் இருந்த சாமான் அறை ஒன்று.

சாமான் அறைக் கதவு சாத்தியிருந்தது. கேழ்வரகு மூட்டையின் மணத்தோடு, நனைந்த துணியை நாள்கணக்கில் சுருட்டி வைத்தது போன்ற ஒரு வாடையும் கதவிடுக்கு வழியாக வந்தது; சித்தேரி மலைப் பக்கமிருந்து இறங்கிய காற்று மாடிச் சுவரை உரசிக்கொண்டு போய் அடங்கிய இடைவெளியில், உள்ளே யாரோ மூச்சு விடுவது கேட்டது. மாதேஸ் மூச்சை அடக்கினான். உள்ளேயும் அடங்கியது. விட்டான். உள்ளேயும்.

கதவை அவன் திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தால் அவள் சொன்னது சரியாகிவிடும். பயத்தைவிட அதுதான் அவனைச் சுட்டது.

அறைக்குத் திரும்பி, வீட்டு நிரலில், எண்ணுவதற்கு முன்னால் ஒரே ஒரு வரி சேர்த்தான். ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, வந்ததை அதே எண்ணோடு ஆண்ட் செய்தால், அதாவது இரண்டிலும் ஒன்று நிற்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டால், கீழ்க்கோடியில் நிற்கும் ஒன்று மட்டும் பூஜ்யமாகிவிடும். அவன் தூக்கத்தில்கூட எழுதுகிற வரி. எது அழிந்தால் என்ன, சுவரில் இரண்டு வரும். மனைவியின் பிழையைத் தான் திருத்தியதாக இன்றைக்கே மெயில் போடலாம்.

எண்டரைத் தட்டினான்.

அவன் அறை விளக்கு அணைந்தது. ஃபேன் நின்றது.

கையை ஆட்டினான். எழுந்து நடந்தான். விளக்கு வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது. கீழ்க்கோடி பிட் என்றால் பைட்டின் முதல் இடம். சென்சார் மாட்டிய அன்று, முதல் இடம் தன் அறைக்குத்தான் என்று சண்டை போட்டு வாங்கியவன் அவனேதான்.

அந்த வரியை அழிக்கப் பார்த்தான். விரல் அழுத்தியது. விசை இறங்கவில்லை.

ஹாலுக்கு ஓடினான். அங்கும் இருட்டு. திரையில் இரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று ஆனது. சாமான் அறைக் கதவு திறந்து கிடந்தது. மிச்சமிருந்த இருவரும் இப்போது ஒரே அறையில்.

"ராணி."

கத்தினான். அவன் காதுக்கே சத்தம் வரவில்லை.

சமையலறையில் மட்டும் வெளிச்சம். யுவராணி டீயை நீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே நின்றது மாதேஸின் முதுகு, மாதேஸின் சட்டை. அந்த வாடை.

"மூணாவதா யாருங்க?"

"ஒருத்தன் இருந்தான், போயிட்டான்," என்றது அது, மாதேஸின் குரலில். "உன் கோடு சரியாத்தான் எண்ணுச்சு ராணி. உன்ன மாதிரி எனக்கு எழுத வராது."

இரண்டு வருடமாக மாதேஸின் வாயில் வராத வார்த்தை. அவள் முகம் மலர்ந்தது. ஈரம் சொட்டும் அந்தக் கை மெல்ல உயர்ந்து அவள் கன்னத்தைத் தொட்டது. அவள் கண்ணை மூடி, அதன் மேல் சாய்ந்துகொண்டாள்.