குனியாத குடைக்காரர்

மழை தூறிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் இறங்கிய கூட்டத்தில் ஒரு கறுப்புக் குடை நழுவி வடிவின் காலடியில் விழுந்தது.

"ஏங்க... அந்தக் குடையைக் கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா?"

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டை. மழைத்துளி தங்கிய இமைகள்... அழகான கண்கள்தான். ஆனால் அந்த முதுகு? கொடிமரம்! தன் குடைக்குத் தானே குனிய மாட்டானாமே!

"ஏன், நீங்க குனிஞ்சா மழை நின்னுடுமா?"

"இல்ல... குனிய முடியாது."

"முடியாதா, மாட்டீங்களா?"

அவன் காது சிவந்தது. வடிவு பெண்கள் பள்ளியின் தேகப்பயிற்சி ஆசிரியை. ஒரே விசிலில் மைதானத்தையே நிறுத்துபவள். குடையை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். சின்ன காஞ்சிபுரம் வரை கோபமும் கூடவே வந்தது. அந்தக் கண்களும்...

பூக்கடையில் நின்று, மழைக்கு ஒதுங்கி, வீடு வந்து சேர்ந்தால்... கூடத்துச் சுவரில் அதே குடை!

அவள் அப்பா தணிகாசலம் நெய்த முகூர்த்தப் புடவையை வாங்கிப் போக வந்திருந்தான் அவன். பெயர் இளங்கோவன், சென்னையில் ஒரு கம்பெனி உத்தியோகம். தங்கைக்குப் புதன்கிழமை கல்யாணம்.

அந்த வீட்டில் முகூர்த்தப் புடவைக்கு ஒரு மரியாதை உண்டு. விளக்கேற்றிப் பாயில் விரித்து வைப்பார்கள். வாங்குகிறவர் எதிரே தரையில் அமர்ந்து, இரு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு பெரிய மனிதரானாலும் சரி.

"உக்காருங்க தம்பி."

"பரவாயில்லீங்க... நின்னுக்கிட்டே பாத்துக்கறேன்."

தணிகாசலத்தின் மீசை துடித்தது. "நின்னுக்கினு பாக்கறதுக்கு இது கடை இல்ல." அவர் கை புடவையை மடிக்கத் தொடங்கியது. "நீங்க வேற எடம் பாருங்க."

"ஐயா! புதன்கிழமை முகூர்த்தங்க..."

பதறி ஓரடி முன்னால் வந்தான். தோளும் இடுப்பும் ஒரே பலகையாகத் திரும்பின. வடிவுக்குச் சட்டென்று விளங்கியது. முதல் நாள் ஓடிவிட்டு மறுநாள் பள்ளிக்கு வரும் பெண்கள் இப்படித்தானே நடப்பார்கள்! ஐயோ, இது திமிர் இல்லை...

"நேத்து என்ன விளையாடினீங்க?"

அவன் தலை குனிந்தான். தலை மட்டும்தான் குனிந்தது. "கிண்டியில... கம்பெனி துரையோட கோல்ஃப். முதல் தடவை. நாலு மணி நேரம் மட்டையைச் சுத்தினேன். ராத்திரியிலேர்ந்து இடுப்பு என் பேச்சைக் கேக்கல. சொல்ல வெட்கமா இருந்தது..."

"ஆடி முடிச்சதும் என்ன பண்ணீங்க?"

"கார்ல ஏறி உக்காந்துட்டேன்."

"உடம்பு சூடா இருக்கறப்பவே கை, இடுப்பு, தொடையெல்லாம் மெதுவா நீட்டி மடக்கணுங்க. வெடுக்குனு இழுக்கக் கூடாது. இப்போ தூணைப் பிடிச்சுக்கினு, மூச்சை விட்டுக்கினே எறங்குங்க... ம்... மெதுவா..."

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். அமர்ந்தான். புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தணிகாசலத்தின் முகம் இளகியது. ஆனால் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை! இரண்டு காபி ஆன பிறகு தணிகாசலமே கை கொடுத்துத் தூக்கினார். வடிவு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கல்யாணம் முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வாசலில் குடை விழும் சத்தம்... வடிவு எட்டிப் பார்த்தாள். இளங்கோவன், வேண்டுமென்றே போட்ட குடையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான்!

"நேத்தும் ஆடினேன். ஒரு வாரமா தினமும் பண்ற மாதிரியே, நீங்க சொன்னபடி நீட்டி மடக்கினேன். துரை சிரிச்சாரு. சிரிச்சா சிரிக்கட்டும்..."

அவளோடு வாசலில் நின்று பேசாமல், நேரே கூடத்துக்குப் போய் அவள் அப்பாவின் எதிரில் தரையில் அமர்ந்தான்.

"புடவைதான் குடுத்தாச்சே தம்பி. இன்னும் வலி இருக்குதா?"

"இல்லீங்க ஐயா. அதனால வலின்னு சாக்கு சொல்லவும் வழியில்ல. உங்க பொண்ணைக் கேக்க வந்தேன். நீங்க சரின்னா அம்மாவைக் கூட்டிக்கிட்டு முறையா வருவேன்."

தணிகாசலம் மீசையை நீவிக்கொண்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்ற?"

வடிவின் பார்வை தரைக்குப் போனது. குரல் மட்டும் வந்தது.

"ஒரு வாரம் ஒழுங்கா நீட்டி மடக்கியிருக்காருப்பா... பக்கத்துல ஆளு இல்லாட்டி வுட்டுடுவாரு. நான் இருந்து பாத்துக்கறேன்."