கீழுதடு

கீழுதட்டில் ஓர் இடம் மட்டும் காயவே இல்லை.

பல்லி விரலால் தொட்டுப் பார்த்தான். ஏழு மாடிச் சுவர் முழுக்கப் பூசிய வண்ணம் நேற்றே இறுகிவிட்டது. நெற்றி, மூக்கு, கன்னம், மூடிய இமைகள் எல்லாம் வெயில் குடித்துக் கரகரவென்று இருந்தன. உதட்டின் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடம் மட்டும் பிசுபிசுத்தது. விரல் நுனியில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. பேன்ட்டில் துடைத்துவிட்டு மறுபடியும் தொட்டான். ஈரம்கூடப் பரவாயில்லை. அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

"என்ன மாமா, முத்தம் குடுக்கப் போறீங்களா?" என்றான் பக்கத்தில் நின்ற மைத்துனன். கிரேன் கூண்டை ஏற்றி இறக்குவது அவன் வேலை. அக்கா புருஷனைக் கிண்டல் செய்வது சம்பளமில்லாத உபவேலை.

வேறு நாளாக இருந்தால் பல்லி பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பான். இன்று அந்த இடத்தையே மறுபடியும் தொட்டான்.

பல்லி என்பது பட்டப்பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டோடு சரி. எந்த நாட்டில் சுவரோவிய விழா நடந்தாலும், அங்கே உள்ளதிலேயே உயரமான சுவரைக் கேட்டு வாங்கி ஒட்டிக்கொள்வான். ஒரே வருத்தம், அவன் வரைந்ததெல்லாம் மழையிலும் புகையிலும் நின்று வெளுத்துப்போயின. கூரைக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில், ஓர் ஓவியக் காலரிச் சுவரில் அவன் படம் ஒருநாளும் தொங்கியதில்லை. இந்த விழாவில் முதல் பரிசு வாங்குகிறவருக்குப் பெரிய காலரியில் தனிக் கண்காட்சி. தீர்ப்பு இன்று சாயங்காலம். முகத்தை வானத்துக்கு நிமிர்த்திக் கண்மூடித் தூங்கும் அவனுடைய பெண்ணுக்குத்தான் பரிசு என்று ஊரே பேசிக்கொண்டது.

"அந்த ஓட்டைய எப்ப மாமா மூடினீங்க? நான் பாக்கவே இல்லயே."

"நேத்து காலையில. நீ தூங்கிட்டு இருந்த."

"அந்த அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன் கேட்டேன். சரின்னுட்டாங்க."

கேட்கவில்லை.

ஓட்டை என்றால் காற்றுத் துவாரம். மேல்மாடி வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். அந்த வீட்டுக்கு ஜன்னல் இருந்த பக்கமெல்லாம் அடுத்த கட்டடம் ஒட்டினாற்போல் எழும்பிவிட்டது. மிச்சமிருந்தது இந்தச் சுவரில் இரும்புக் கம்பி போட்ட ஒரு துவாரம் மட்டும். வேலை தொடங்கிய அன்றே உள்ளேயிருந்து குரல் வந்தது. "தம்பி, எனக்கு இளைப்பு நோய். இந்த ஓட்டையில மூஞ்சிய வச்சுக்கிட்டாதான் ராத்திரி கண்ண மூட முடியும். இத மட்டும் விட்டுடுங்க." கம்பிகளுக்கு நடுவே இரண்டு விரல்கள் வெளியே வந்து ஆடின. "உங்க மேல சத்தியமா அக்கா," என்றான் பல்லி. தாராளமாகச் சத்தியம் செய்கிறவன் அவன்.

அதற்கப்புறம் அந்தம்மா பழகிவிட்டார். முகத்தைப் பார்த்ததே இல்லை. குரலும் விரலும் தையல் மெஷினின் தடதடப்பும்தான். தைலத்தின் காரநெடி அந்தத் துவாரத்தில் எப்போதும் வந்துகொண்டிருக்கும். அவன் கூண்டில் நின்று வண்ணம் கலக்கும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, விழா நடத்துகிற மேடம் ட்ரோனில் எடுத்த படத்தைக் காட்டும்வரை. "அழகா இருக்கு. ஆனா உதட்டுல ஈ உக்காந்த மாதிரி என்ன அது?" என்றார். கூட நின்ற மற்ற ஓவியர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பல்லிக்குத் தூக்கத்திலும் கேட்டது.

பெரிய சுவரில் வரைகிறவர்கள் மெல்லிய துணியில் வரைந்து, பசை தடவிச் சுவரில் ஒட்டுவதுண்டு. ஒட்டியபின் துணி எது சுவர் எது என்று கண்டுபிடிக்க முடியாது. அவனிடம் துணி தீர்ந்திருந்தது. யாரிடம் கேட்டான் தெரியுமா? அந்தம்மாவிடமேதான். கேட்கும்போது அவனுக்குக் கூசவில்லை என்று சொல்ல முடியாது. கூசியது. ஆனாலும் கேட்டான்.

"எதுக்கு தம்பி?"

"சின்ன ஒட்டு வேலக்கா."

அந்தம்மா நல்ல நெருக்க நெசவாகப் பார்த்து வெட்டி, பிரியாமல் இருக்க நாலு ஓரமும் மடித்துத் தைத்து, சுருட்டிக் கம்பி வழியாகவே நீட்டினார். மறுநாள் விடியற்காலையில், உள்ளே மெஷின் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து, பல்லி தானே கிரேனை ஓட்டிக்கொண்டு மேலே போனான். காதில் பாட்டை மாட்டிக்கொண்டான். துணியை ஒட்டினான். சிவப்பு பூசினான். அதற்கப்புறம் நாள் முழுக்கப் பாட்டைக் கழற்றவே இல்லை.

இப்போது கழற்றியிருந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை.

துணி அசைந்தது.

முதலில் கண் கூசுவதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தான். நிழலுக்காகக் கையை நெற்றியில் வைத்துக் குனிந்து பார்த்தான். சிவப்புப் பரப்பு நூலளவு உள்ளே போய், நின்று, நூலளவு வெளியே வந்தது. காற்று, என்று சொல்லிக்கொண்டான். கீழே தெரு முழுக்கக் கட்டியிருந்த காகிதக் கொடிகள் ஒன்றுகூட ஆடாமல் தொங்கின. மறுபடியும் உள்ளே. மறுபடியும் வெளியே. வெளியே வரும்போது வண்ணத்தில் பொடிப்பொடியாக நீர் அரும்பியது. புது வண்ணத்தின் வாசனைக்கு அடியிலிருந்து தைல நெடி மெல்ல வந்து அவன் மூக்கைத் தொட்டது.

"இறக்குடா," என்றான்.

"இன்னும் கையெழுத்துப் போடலயே மாமா?"

"இறக்குன்னா இறக்கு!"

மாடிப்படியில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டான். மன்னிப்புக் கேட்பது. உடனே கிழித்துவிடுவது. பரிசு போனால் போகட்டும். நாலாவது மாடிவரை இந்த முடிவு உறுதியாக இருந்தது. ஐந்தாவது மாடியில் அந்தம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தான். ஆறாவது மாடியில் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யோசித்தான்.

கடைசி மாடி நடை இருட்டாக, தூசி மணத்தோடு இருந்தது. கதவுக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தடதடவென்று இல்லை. தட். வெகுநேரம் கழித்து, தட். ஒவ்வொரு தையலாக.

தட்டினான்.

மெஷின் நின்றது.

"யாரு?" குரல் நைந்துபோயிருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நீளமான இழுப்பு. "யாரா இருந்தாலும்... தள்ளுங்க. பூட்டல. என்னால... எந்திரிக்க முடியல."

பல்லி கைப்பிடியில் கை வைத்தான். பித்தளை சில்லென்று இருந்தது.

"படம் வரையுற தம்பியா?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் உள்ளே போயிருப்பான். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பான். ஆனால் அதில் இருந்தது சந்தோஷம். நம்ம தம்பி வந்துவிட்டான் என்கிற சந்தோஷம்.

"ஓட்டையில... ஏதோ அடைச்சிருக்கு தம்பி. வெளிய... என்னன்னு... பாருங்க."

அவனுக்கு முகமெல்லாம் எரிந்தது. தாயே, பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. பூமி அப்படியெல்லாம் யாருக்கும் உதவி செய்வதில்லை. கீழேயிருந்து மைத்துனன் கூப்பிட்டான். "மாமா! எல்லாரும் வந்துட்டாங்க! மேடம் உங்களத்தான் தேடுறாங்க!"

விழா முடிந்ததும், என்று பல்லி தனக்குள் சொன்னான். கொஞ்ச நேரம்தானே. முடிந்த கையோடு கிழித்துவிடலாம். அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, திருடன் மாதிரி, சத்தமில்லாமல் படியிறங்கினான்.

"தம்பி?" என்றது கதவு.

தெரு நிறைந்திருந்தது. வெயில் மஞ்சளாகச் சாய்ந்து, சுவரில் தூங்கும் பெண்ணுக்கு உயிர் வந்தாற்போல் ஒரு வெளிச்சம். மேடம் அவன் கையைக் குலுக்கினார். காலரிக்காரர் தோளில் தட்டி, "கங்கிராட்ஸ். நடுவர்கள் எல்லாரும் உங்களத்தான் சொன்னாங்க. மேல போய்க் கையெழுத்துப் போடுங்க, படம் எடுக்கணும்," என்றார். பத்து வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. ஒரு சொட்டும் இனிக்கவில்லை. இத்தனை பேருக்கும் நடுவில் தன் குற்றம் முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதாகவே அவனுக்குப் பட்டது.

கூண்டு ஏறியது. மைத்துனனைக் கீழேயே விட்டுவிட்டான். சட்டைப் பையில் கட்டர் இருந்தது.

கழுத்து. தாடை. உதடு.

துணி இப்போது நூலளவு அசையவில்லை. கையளவு அசைந்தது. உள்ளே இழுத்து, கம்பிகளின் வரி பதியும்வரை ஒட்டி, பின் உப்பிக்கொண்டு வெளியே. வேகவேகமாக. நாய் இளைப்பது போல. ஒரு சீறல் சத்தம். தைல நெடி கண்ணைக் கரித்தது.

கட்டரை எடுத்தான். தகட்டை நீட்டினான்.

ஒரே ஒரு கீறல் போதும்.

தலைக்கு மேலே ட்ரோன் வந்து நின்றது. கீழே நூற்றுக்கணக்கில் போன்கள். கீறினால் எல்லாருக்கும் தெரியும். ஏன் கீறினாய் என்று கேட்பார்கள். உள்ளே யார் என்று கேட்பார்கள். துணி யார் கொடுத்தது என்று கேட்பார்கள்.

"அக்கா," என்றான் மெதுவாக. "கொஞ்சம் பொறுத்துக்கங்கக்கா."

துணி நின்றது.

உள்ளே போயிருந்த நிலையில் நின்றது. அவன் காத்திருந்தான். வெளியே வரவில்லை. சீறலும் இல்லை. தெருவின் இரைச்சல்கூடக் கேட்கவில்லை.

இப்போதாவது கிழி, என்றது மனசு.

கை கட்டரை மடக்கிப் பையில் போட்டது. தூரிகையை எடுத்தது. துணிக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டது. அவன் கைதான். அவனுக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

கீழே கைதட்டல் எழுந்தது. பின் அதுவே வேறு மாதிரி ஆனது. வியப்பில் ஓவென்று ஒரு சத்தம். யாரோ விசிலடித்தார்கள். எல்லாப் போன்களும் அவனுக்கு வலப்பக்கமாகத் திரும்பின.

பல்லி திரும்பினான்.

துணி வெளியே வந்துகொண்டிருந்தது. மெதுவாக. உப்பவில்லை. ஏதோ அதை உள்ளிருந்து தள்ளியது. முதலில் ஒரு மூக்கு. அதற்குக் கீழே ஓர் உதடு. துணிக்குப் பின்னால் இரும்புக் கம்பிகள் உண்டு. இரண்டு விரலுக்கு மேல் எதுவும் நுழையாத கம்பிகள். மூக்கு அவற்றைத் தாண்டி வந்தது. கன்னம் வந்தது. முகவாய் வந்தது. இறுக்கிப் பிடித்த சிவப்புக்குள், அவன் ஒருநாளும் பார்த்திராத அந்த முகம், வரி வரியாக, பல் பல்லாகத் தெரிந்தது.

அது அவன் பக்கம் திரும்பியது.

"பிரமாதம்!" என்று மேடம் கத்துவது கேட்டது. "எப்படிப் பண்ணினீங்க?"

ட்ரோன் நெருங்கி வந்தது. பல்லி என்ன செய்வதென்று தெரியாமல் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி அசைத்தான். கைதட்டல் இரண்டு மடங்கானது. அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, துணிக்குள் அந்த வாய் காற்றுக்காகத் திறந்தது, இன்னும் அகலமாகத் திறந்தது, மூடவே இல்லை.