மூன்றாவது பங்கு காற்று

கடலில் முங்கப் போடும் தண்ணீர் புகாத உலருடையின் ஜிப்புக்கு மெழுகு தேய்த்து, கழுத்துப் பட்டைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். காதுக்குள் என் கணவர் சில்வெஸ்தர் செருமினார்.

"அமலி, கையுறை காஞ்சிருக்கா பாத்தியா? ஈரமா இருந்தா விரல் விறைச்சிரும்."

"பாத்துட்டேன். கொஞ்சம் வாயை மூடுங்க."

"வாய் இருந்தாத்தானே மூட?"

நெஞ்சுவலியில் மனுஷன் போய் இரண்டு வருடம். கிண்டல் மட்டும் போகவில்லை.

வெயிலைத் தணிக்க வானத்தில் விண்குடையை விரித்தார்கள். ஊர் பிழைத்தது, எங்கள் தூத்துக்குடிக் கடல் ஐஸ்பெட்டியாகிவிட்டது. அடியில் ஓடும் வெப்பக்குழாய் நின்றால் கூண்டு மீன்கள் ஒரே நாளில் செத்துவிடும். குழாயைப் பழுதுபார்க்கத்தான் நாங்கள் முங்குகிறோம். தனியாக இறங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் இந்தக் குளிரில் இறங்க எவன் வருவான்? அதனால் செத்துப்போனவர்களின் பழைய பேச்சுப் பதிவுகளிலிருந்து துணைக்குரல் செய்து, அதையும் ஒரு ஜோடியாகக் கணக்கில் சேர்த்தார்கள். உயிருள்ள ஜோடி கிடைத்துவிட்டால் குரலை அழித்து, அது ஓடும் பொறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒருவருக்கு ஒரு துணைதான்.

கஸ்பார் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். சில்வெஸ்தரின் கூட்டாளி. அவனுடைய ஜோடி வேலையை விட்டு மதுரைக்குப் போய்விட்டார், அவனுக்கும் இப்போது குரல்தான். போன வாரம் ஆழத்தில் அவன் மூச்சுக்கருவி உறைந்து, காற்றெல்லாம் கொட்டி, மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்தான்.

"அன்னைக்குக் குரல் என்ன செஞ்சுது?" என்று கேட்டேன்.

"மேல போ, மேல போன்னு கத்துச்சு மைனி. அது எனக்குத் தெரியாதா? காத்தா குடுக்கும்?" அவன் தரையைப் பார்த்தான். "இன்னைக்கு வடக்கு வால்வு. அதைவிட ஆழம். நீங்க ஜோடியா வந்தா தைரியமா இறங்குவேன். வராட்டியும் இறங்கித்தான் ஆகணும். அண்ணன் குரல் போயிரும்னு தெரியும். கேக்கவே நாக்கு கூசுது."

"அப்ப கேக்காத!"

வள்ளென்று விழுந்தேன். என் புருஷனை இரண்டாம் தடவை புதைக்கச் சொல்ல இவன் யார்? அவன் படகுத்துறை ஓரத்துக்குப் போனான்.

"காத்துக் கணக்கைச் சொல்லு," என்றார் சில்வெஸ்தர்.

"போக ஒரு பங்கு. வர ஒரு பங்கு. மூணாவது..."

"மூணாவது பங்கு?"

"ஜோடிக்கு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இரண்டு வருடமாக அந்தப் பங்கைத் தொடாமல் கீழே கொண்டுபோய், தொடாமல் மேலே கொண்டுவந்திருக்கிறேன். மூச்சே விடாத ஒருவருக்காக.

"நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க," என்றேன்.

கேட்டு என்ன பயன்? முங்கும்போது பேசிய பேச்சு மட்டும்தானே அந்தக் குரலில் இருக்கிறது. தினமும் சொல்வதைத்தான் சொன்னார்.

"ஜோடியை முதல்ல பாரு அமலி. அப்புறம் உன்னைப் பாரு."

திரும்பினேன். பனிக்காற்றில் நின்றுகொண்டு கஸ்பார் மூச்சுக்கருவியை வாயில் வைத்து மூச்சை இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரம் பட்டும் புத்தி வரவில்லை! கரையில் விட்ட மூச்சின் ஈரம்தான் ஆழத்தில் உறைந்து கருவியை அடைக்கும். அவன் காதிலிருந்த குரலுக்குக் கண் இல்லை.

ஓடிப்போய் அதைப் பிடுங்கினேன்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? தண்ணிக்குள்ள போறவரைக்கும் வாயில வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்ல!"

"பயத்துல மறந்துட்டேன் மைனி."

வேறு கருவியை மாட்டிக்கொடுத்தேன். பிறகு குரல் ஓடும் என் பொறியின் திரையில் ஜோடி என்ற இடத்தில் கஸ்பார் பெயரைப் போட்டேன். சில்வெஸ்தர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், பாதியில் நின்றது. காது இப்படி வெறுமையாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கஸ்பார் முன்னாலேயே அழுதேன், வெட்கப்படவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன்.

"கையுறை காஞ்சிருக்கா?"

அவன் விழித்தான். தொட்டுப் பார்த்தேன், ஈரம். என் பெட்டியின் அடியில் இரண்டு வருடமாகக் காய்ந்து கிடந்த சில்வெஸ்தரின் கையுறையை எடுத்து அவனிடம் கொடுத்தேன்.