பூனை படுத்திருந்த மூடி

அவளுக்கு நல்ல பேர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்தோடு சரி. வீட்டிலும் தெருவிலும் அவள் குண்டூசி. ஆள் ஒல்லி, பேச்சு குத்தும்.

அப்பாவின் வலது கையில் கட்டுப் போட்டதிலிருந்து வீட்டில் ஒரே பாட்டுதான். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், அட்டை வெட்டும் மிஷின் அவருடைய இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கட்டிலில் படுத்தபடி செல்போனில் இதையே திரும்பத் திரும்பக் கேட்பார்:

"எறியுறவன் மேலே இருக்கான்,
எகிறும் பந்து நாமடா;
எங்கே போய் விழுந்தாலும்
ஏன்னு கேக்கக் கூடாதடா!"

"அப்பா, உலகத்துல வேற பாட்டே இல்லையா?"

"இதுலதாம்மா எல்லாம் இருக்கு. எல்லாம் ஒரு ஆட்டம். நம்ம கையில ஒண்ணுமில்ல."

குண்டூசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். கூட வேலை செய்பவர்களும் வந்தார்கள். அவர்களில் மாடி வீட்டு அக்காவும் ஒருத்தி. நாளையிலிருந்து அதே மிஷினில் அவள்தான் உட்கார வேண்டும். கைகளைத் துப்பட்டாவுக்குள் ஒளித்தபடி நின்றாள்.

சூப்பர்வைசர் பாட்டுக்குத் தலையாட்டினார். "எவ்வளவு கரெக்டா எழுதியிருக்கான்! விதி விளையாடிடுச்சு. யாரை நொந்து என்ன பண்றது?"

"ஆமா சார்" என்றார்கள் எல்லோரும். அப்பாவும்தான்.

குண்டூசி எட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"சார், கத்திக்கு மேல கம்பி மூடி ஒண்ணு இருந்துச்சே. அதைக் கழட்டினதும் விதியா?"

"எ... என்ன மூடி?"

"அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தப்ப பாத்தேன். அட்டைக் கட்டுக்குப் பின்னாடி கிடந்துச்சு. பூனை அதுமேல சொகுசா தூங்கிட்டு இருந்துச்சு. மூடி இருந்தா வேலை மெதுவாகுதுன்னு நீங்கதான் கழட்டச் சொன்னீங்களாம். அப்பா அன்னைக்கே வீட்ல சொன்னாரு."

"சின்னப் பிள்ளைக்கு வாயைப் பாரு!" சூப்பர்வைசர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அடுத்து இந்த அக்காவுக்கும் ஆப்பிள் வாங்கிட்டு வருவீங்களா சார்?"

அக்காவின் கைகள் துப்பட்டாவை விட்டு வெளியே வந்தன. "மூடியை மாட்டுங்க சார். மாட்டினாத்தான் உட்காருவேன்."

"நானும் உட்கார மாட்டேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நானும்" என்றது இன்னொன்று.

அப்பா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "கழட்டச் சொன்னது நீங்கதான் சார். எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்லுவேன்."

மறுநாள் மூடி மிஷினில் ஏறியது. வாசலில் 'பாதுகாப்பே முக்கியம்' என்று ஒரு பலகையும் ஏறியது. அதில் ஒட்டியிருந்த போட்டோவில் சூப்பர்வைசர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பூனை வேறு இடம் தேடிக்கொண்டது. அப்பாவின் விரல்கள்தான் திரும்பி வரவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் காலை, அப்பா அவளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தார். தெருவில் எங்கோ அதே பாட்டு அலறியது.

"ஜன்னலைச் சாத்தவாப்பா?"

"அது கத்திட்டுப் போகுது. நீ ஆடாம உட்காரு, முடி நழுவுது."

பள்ளியில் தோழி கேட்டாள்: "என்னடி, பின்னல் இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது? சரி பண்ணட்டுமா?"

"தொட்டுடாதே! எங்கப்பா போட்டது" என்றாள் குண்டூசி.

இரவு தூங்கும்போதுகூட அவள் அதை அவிழ்க்கவில்லை.