குகுலுவா, முகுலுவா?

டிவியில் படம் வந்துவிட்டது. சத்தம் மட்டும் வரவில்லை.

நமூலி டிவியின் ஓரத்தில் இருந்த பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். திரையில் முப்பது, நாற்பது, ஐம்பது என்று எண் ஏறியது. வீட்டுக்குள் ஈ பறக்கிற சத்தம்தான் கேட்டது.

அதைப் போட்டு அமுக்கி உடைத்துவிடாதே என்று அத்தை அதட்டினாள். போன மாதம் அக்காவின் மடிக்கணினியில் தேநீரைக் கொட்டி, அதன் ஸ்பீக்கரை ஊமையாக்கியதே அத்தைதான். அதை இப்போது யாரும் நினைவுபடுத்தவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

"சத்தம் கிடக்கட்டும் விடு. நான் படத்தைப் பாக்குறேன்," என்றார் அப்பா.

அது நசாலி அக்காவைப் பெண் கேட்டு வந்த விழாவின் படம். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், கரும்புத் தோட்டத்தில் லாரியிலிருந்து ஒரு கட்டு சரிந்து அப்பாவின் காலில் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. பந்தல் போட்டாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று, நிறுத்த வேண்டாம் என்று அப்பாவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொல்லி அனுப்பினார். பந்தலில் அவருடைய நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்தார். மருத்துவமனையில் அப்பா காலில் எடைக்கல் தொங்கப் படுத்திருந்தார்.

படத்தை எடுத்தவர் தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்தவர். எறும்பு நடந்தாலும் தெரியும், அவ்வளவு துல்லியமான படம் என்று பெருமை அடித்துவிட்டு, அதை அக்காவின் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். துல்லியம் அதிகம் என்பதால் படம் யானை கனம் கனத்தது. பென் டிரைவில் போட்டால் இடம் இருந்தும் ஏற மாட்டேன் என்றது. கடைசியில் கடைத்தெருவில் இருக்கும் படக்கொட்டகையில் ஒரு கேபிளை இரவல் வாங்கி, கணினியையும் டிவியையும் நமூலிதான் இணைத்தாள்.

உண்மையிலேயே எறும்பு தெரிந்தது. பந்தல் விளிம்பில் தொங்கிய மழைத்துளிகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது. அப்பா மாவுக்கட்டுக் காலைக் கவிழ்த்த பெட்டியின்மேல் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பேர் சொன்னார்.

"இந்தப் பயலைப் பாரு. என் ஷூவைப் போட்டுட்டு உக்காந்திருக்கான்."

சித்தப்பாவின் காலில் இருந்தது அப்பாவின் ஷூதான். அம்மா சிரித்துக்கொண்டே வறுத்த வேர்க்கடலையை எல்லோருக்கும் அள்ளி வைத்தாள்.

அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் செம்பத்யா திரையில் வந்தார். மாப்பிள்ளை முவாங்காவின் சித்தப்பா அவர். ஏரித் தீவில் இருப்பவர். கையில் மைக்கைப் பிடித்தபடி அத்தையிடம் ஏதோ கேட்டார். அத்தை அவர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். உடனே பெரியவரின் முகம் மாறியது. அவர் பேசப் பேச, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எல்லோரும் எழுந்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். கடைசி வரிசையில் இருந்த முவாங்காவும் மற்றவர்களைப் பார்த்து எழுந்து நின்றான்.

பிறகு பெரியவர் சீர்க்கூடைக்குள் கைவிட்டு ஒரு வெள்ளை அங்கியை எடுத்தார். அதை நான்காக மடித்தார். தன் பைக்குள் திரும்ப வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

அப்பாவின் வாயில் வேர்க்கடலை அப்படியே நின்றது.

"திரும்பப் போடு," என்றார்.

நமூலி திரும்பப் போட்டாள். மூன்றாவது முறையும் போடச் சொன்னார். மூன்று முறையும் அங்கி பைக்குள்ளேதான் போனது. பெண்ணின் அப்பாவுக்கு வெள்ளை அங்கி கொடுக்காமல் யாரும் பெண் கேட்பதில்லை. அதுதான் முதல் சீர்.

"அங்கியை மறந்துட்டு வந்துட்டாங்கன்னு சொன்னியே," என்று அத்தையைப் பார்த்தார் அப்பா.

அன்று பெய்த மழையில் பக்கத்தில் இருந்தவர் பேசியதே கேட்கவில்லை, பெரியவர் என்ன செய்தார் என்று யார் பார்த்தது என்று அத்தை இழுத்தாள்.

"மறக்கல. கொண்டுவந்து, கொடுக்காமப் போயிருக்காங்க. பையன் ஆஸ்பத்திரிக்கு வந்தான், சரி. பெரியவங்க ஒருத்தர் எட்டிப் பாத்தாங்களா? அடுத்த மாசம் சர்ச்சுக்கு நான் வரல. உங்க சித்தப்பனே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டும். ஷூவும் அவன்கிட்டதானே இருக்கு."

கடைசியில் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நசாலி அக்கா எழுந்து சமையல் கொட்டகைக்குப் போனாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கழுவும் சத்தம் கேட்டது. அப்பா இல்லாமல் சர்ச்சுக்குள் நுழைய மாட்டேன் என்று அவள் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள்.

அப்பா டிவியை அணைக்கச் சொன்னார். நமூலிக்கு அணைக்க மனம் வரவில்லை. நின்றுபோன படத்தையே பார்த்தாள். பெரியவர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த மைக்கிலிருந்து ஒரு கறுப்பு வயர் தரையில் ஓடியது. அது கேமராவுக்குத்தான் போகிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்று அதில் தடுக்கி விழுந்து படக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

பந்தலில் இருந்தவர்களுக்கு மழையில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேமராவுக்குக் கேட்டிருக்குமே?

அவள் அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள். பெரியவர்களிடம் ஒன்று கேட்கும்போது அப்படித்தான் கேட்க வேண்டும்.

"அப்பா, அஞ்சு நிமிஷம். அவர் என்ன சொன்னார்னு மட்டும் பாத்துடலாம்."

"என்ன சொன்னா என்ன? கை செஞ்சதைத்தான் கண்ணு பாத்துடுச்சே," என்றார் அப்பா. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நமூலி அக்காவின் இயர்போனைக் கணினியில் செருகிக் காதில் வைத்தாள். படத்தை ஓட்டினாள். சோவென்று மழை கேட்டது. ஆக, சத்தம் சாகவில்லை. எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. இயர்போனைப் பிடுங்கியதும் அது அத்தை தேநீர் கொட்டிய ஸ்பீக்கருக்குள் போய் அமுங்கிவிடுகிறது. படத்துக்கு டிவிக்குப் போக வழி தெரிந்திருக்கிறது, சத்தத்துக்கு யாரும் வழி சொல்லவில்லை.

கணினித் திரையின் கீழ்மூலையில் ஒரு குட்டி ஸ்பீக்கர் படம் இருந்தது. அதைத் தொட்டாள். இரண்டு வரிகள் விரிந்தன. முதல் வரி கணினியின் ஸ்பீக்கர். அதில் குறி இருந்தது. இரண்டாவது வரியில் வெறும் எழுத்துகளும் எண்களும். யார் இது என்று அவள் எழுத்துக் கூட்டினாள். ஒரு பேராகவும் வரவில்லை. ஆனால் அந்த எழுத்துகளை வேறு எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

எழுந்து போய் டிவியின் கீழ்ச்சட்டத்தில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள். அதே எழுத்துகள். டிவியின் பேர்தான் அது.

திரும்பி வந்து இரண்டாவது வரியை அழுத்தினாள்.

வீடே நடுங்கியது. ஐம்பதில் வைத்த ஒலி அப்படியே இருந்தது. டிவியிலிருந்து மழை கொட்டியது. அம்மா பாய்ந்து வெளியே ஓடினாள். வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. பாயோடு சுருட்டி அள்ளிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பியவள், கதவருகே நின்று வெள்ளை வெயிலடிக்கும் வானத்தை ஒரு முறை பார்த்தாள், டிவியை ஒரு முறை பார்த்தாள்.

நமூலி ஒலியைக் குறைத்து, பெரியவர் வரும் இடத்துக்குப் படத்தை நகர்த்தினாள். மழைக்குள்ளிருந்து அவர் குரல் தெளிவாக வந்தது.

"பொண்ணோட அப்பா எங்க? அவர்தான் முதல்ல அங்கி வாங்கணும்."

அத்தை சொன்ன பதில் மழையில் பாதி கரைந்து, "குலு" என்று மட்டும் கேட்டது.

"முகுலுவா?" என்றார் பெரியவர்.

படத்தில் அத்தை பலமாகத் தலையாட்டினாள்.

அவர்கள் ஊர்ப் பேச்சில் குகுலு என்றால் கால். முகுலு என்றால் வானத்தில். செத்துப்போனவர்கள் இருக்கும் இடத்துக்கும் அதே பேர்தான்.

பெரியவரின் குரல் தழுதழுத்தது. "சொந்தங்களே, எல்லாரும் எந்திரிங்க. பொண்ணோட அப்பா வானத்துல இருக்காராம். நம்மகிட்ட யாரும் சொல்லல. நல்ல மனுஷன்னு கேள்விப்பட்டேன். கண்ணால பாக்கத்தான் கொடுத்து வைக்கல. செத்தவர் பேர்ல அங்கி கொடுக்கிற வழக்கம் இல்ல, அதை நான் மரியாதையா எடுத்து வைக்கிறேன். ஆண்டவரே, இந்தக் குடும்பத்துக்கு ஆறுதல் கொடுங்க."

 அப்பா மெதுவாக அத்தை பக்கம் திரும்பினார்.

"நான் எப்ப செத்தேன்?"

"அண்ணே, நான் குகுலுன்னுதான் சொன்னேன். கால்ல அடின்னுதான் சொன்னேன்."

"அப்ப ஏன் பாதிதான் கேக்குது? வாயில என்ன வச்சிருந்தே?"

அத்தை யோசிப்பது போல் கூரையைப் பார்த்தாள். அதற்குத் தேவையே இல்லை. படம்தான் அவ்வளவு துல்லியமாயிற்றே. அத்தையின் இடது கன்னம் முட்டை அளவுக்கு உப்பியிருந்தது. உதட்டோரத்தில் வேகவைத்த வாழைக்காய் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

முதலில் அம்மா சிரித்தாள். பிறகு அப்பா. கால் வலிக்கிறது என்று தொடையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. ஈரக் கையோடு ஓடிவந்த நசாலி அக்காவுக்கு நமூலி அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் காட்டினாள். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். கடைசியில் அத்தையும் சிரித்துவிட்டு, அன்றைக்குக் காலையிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை எல்லோரும் கவனிக்க வேண்டும் என்றாள்.

நமூலி அம்மாவின் போனை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"அவரும் பாவம்ப்பா. அவருக்கு யாரு சொல்லுவா?"

தீவுக்கு லைன் கிடைக்க நான்கு முறை அடிக்க வேண்டியிருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, வணக்கம். நான் கசோசி பேசுறேன். பொண்ணோட அப்பா. இல்லைங்க, மேல இருந்து இல்ல. வீட்ல இருந்துதான் பேசுறேன்."

 அப்பா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று, அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய சிரிப்பு. அன்று திரும்பப் படகு ஏறும்போதே முவாங்காவிடம், உன் மாமனார் விஷயம் வருத்தமாக இருக்கிறது என்று சொன்னாராம் பெரியவர். அதற்கு அவன், கவலைப்படாதீர்கள், ஆறு வாரத்தில் எழுந்து நடந்துவிடுவார் என்றானாம். ஆண்டவர்மேல் பையனுக்கு எவ்வளவு பெரிய விசுவாசம் என்று பெரியவர் தீவு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாராம். சனிக்கிழமை அங்கியோடு தானே நேரில் வருவதாகவும், உயிரோடு இருப்பவரைக் கண்ணால் பார்க்காமல் திரும்பப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டு வைத்தார்.

அப்பா போனை அம்மாவிடம் கொடுத்தார். பிறகு ஊன்றுகோலைக் கொண்டுவரச் சொன்னார்.

எங்கே போகப் போகிறீர்கள் என்று அம்மா பதறினாள். சர்ச்சின் நடைபாதை நீளமானது, இன்றைக்கே பழக ஆரம்பித்தால்தான் முடியும் என்றார் அப்பா. மருத்துவரும் மெல்ல நடந்து பழகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் ஊன்றுகோல், மறு பக்கம் நசாலி அக்காவின் கை. வாசலிலிருந்து பலாமரம் வரைக்கும் நடப்பது என்று முடிவாயிற்று. நமூலி ஓடிப்போய் மரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு பாதிரியாராக நின்றாள்.

பாதி தூரத்தில் அப்பா நின்று மூச்சு வாங்கினார்.

"அவசரம் இல்லப்பா," என்றாள் நமூலி. "நீங்க வந்து சேராம நான் ஆரம்பிக்க மாட்டேன்."