வழக்கமான வலி

குளியலறைச் சுவரில் முதுகை அழுத்தித் தரையில் உட்கார்ந்தபடியே செல்லக்கனி மணிக்கட்டைப் பார்த்தாள். வலிக்காப்பு பச்சையாக ஒளிர்ந்தது. இன்றைய வலி: பூஜ்யம். விடிந்ததிலிருந்து மூன்று நாப்கின் மாற்றியாயிற்று. சுவரைப் பிடித்து எழுந்து, கறுப்புச் சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

வலியை அளக்க எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது அநியாயம் என்று சொல்லிக் கொண்டுவந்தது வலிக்காப்புச் சட்டம். பதினான்கு வயதில் பள்ளியிலேயே காப்பு மாட்டிவிடுவார்கள். அவரவர் உடலின் வழக்கமான நிலையை அது பதிந்துகொள்ளும். அதற்கு மேல் ஏறுவது மட்டும்தான் வலி. ஐம்பதைத் தாண்டினால் சிகிச்சைப் பட்டியல் திறக்கும். அவளோடு தூத்துக்குடி கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கும் எட்வினுக்குப் போன மாதம் சிறுநீரகக் கல். காப்பு தொண்ணூற்றொன்று காட்டியது, மதியத்துக்குள் கல்லை எடுத்துவிட்டார்கள். மறுநாள், "உனக்கென்ன கனி, பூஜ்யம் பார்ட்டி," என்றான். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவன்மேல் அல்ல, தன்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

டாக்டர் ஜெசிந்தா ஸ்கேனைக் காட்டினார். கர்ப்பப்பையில் நான்கு நார்க்கட்டிகள், ஒன்று சாத்துக்குடி அளவு. ஆனால் திரையில் இரண்டே வரிகள்: இரும்புச்சத்து மாத்திரை, காத்திருத்தல். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது, கட்டியை மட்டும் எடுப்பது, கர்ப்பப்பையையே எடுப்பது எல்லாம் பூட்டிக் கிடந்தன.

"காப்பு பொய் சொல்லலம்மா. உங்க வழக்கத்தவிட எதுவும் கூடலன்னு சொல்லுது. அத மாட்டுன அன்னிக்கு உடம்பு எப்படி இருந்துச்சு?"

அன்று அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். உடம்பு சரியில்லாதவர்கள் தள்ளி நில்லுங்கள் என்று டீச்சர் சொன்னார். பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஒரு பெண்கூட நகரவில்லை. செல்லக்கனியும் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். அந்த வலியைத்தான் காப்பு அவளுடைய வழக்கமாக எடுத்துக்கொண்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதையும் மாதாமாதம் அதோடு சேர்த்துக்கொண்டது.

காப்பில் வழக்கத்தை மாற்றிப் பதிவதற்கு முப்பது நாள் வலியில்லாமல் இருக்க வேண்டுமாம். நோயாளியின் வேதனையை நேரில் கண்டதாக டாக்டர் கைப்பட எழுதினாலும் பூட்டு திறக்கும். ஆனால் அப்படி எழுதியவர்களை விசாரணைக்கு இழுக்கிறார்கள். வெளியே உட்காருங்கள், யோசிக்கிறேன் என்றார் டாக்டர், திரையைப் பார்த்தபடியே.

கூடத்தில் வெள்ளை நாற்காலிகள். பத்து நிமிடத்தில் நனைவது தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு ஓடியிருப்பாள். இன்று அசையவில்லை. நாற்காலி விளிம்பில் வழிந்து தரையில் சொட்டியது. நர்ஸ் துணியோடு ஓடிவந்தாள். "அக்கா, எந்திரிங்க. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்."

டாக்டர் வாசலுக்கு வந்து தரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உள்ளே போய்த் தாளும் பேனாவுமாகத் திரும்பி வந்தார்.

"எத்தன வருஷமா?"

ஆறு டாக்டர்கள் இதுவரை காப்பைக் கேட்டிருக்கிறார்கள். அவளை யாரும் கேட்டதில்லை.

"இருபத்தேழு," என்றாள் செல்லக்கனி, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "எழுதுங்க. கட்டிய எடுக்கணும்னு நான் சொன்னேன்னு எழுதுங்க."

டாக்டர் எழுதத் தொடங்கினார். எதிர் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"எனக்குப் பதினெட்டு வருஷம்," என்றாள், யாரும் கேட்காமலே.